நடுங்கு மணலில் புதைந்த தடயம்: வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’ நாவலில் நிலமும் பணிப்பெண்ணும்

முனைவர் பட்ட ஆய்வாளர் (தமிழ்), பாலவாக்கம், சென்னை

ஆய்வுச் சுருக்கம்

வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’ (1868) ஆங்கிலத் துப்பறியும் நாவல் மரபின் தொடக்க நூல்களுள் தலையாயது. யார்க்‌ஷயர் கடற்கரையில் உள்ள ஒரு நாட்டுப்புற மாளிகையில் வைரம் காணாமற்போவதே இதன் கதை. இந்நாவலின் நிலத்தைப் பின்புலமாக மட்டும் கொள்ளாமல், தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் பொருட்பாகுபாட்டின் துணையோடு படிக்க இக்கட்டுரை முயல்கிறது. துப்பறிவாளர் கருப்பொருள்களைத் தடயமாகக் கண்டும் உரிப்பொருளைத் தடயமாகக் காணத் தவறியதே அவர் தோல்விக்குக் காரணம் என்பதும், பணிப்பெண்ணின் காதலை ஏற்க மறுக்கும் அந்தத் தவறு தமிழ்ப் பொருளிலக்கணத்திற்கும் அயலானதன்று என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மூன்ஸ்டோன், துப்பறியும் நாவல், திணைக்கோட்பாடு, கைக்கிளை, அடியோர், மாதரி.

முன்னுரை

திருவரங்கத்துக் கோயிலில் திருவுருவம் ஒன்றின் கண்ணாகப் பதிக்கப்பட்டிருந்த வைரத்தை, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையிலிருந்து தப்பியோடிய வீரன் ஒருவன் கவர்ந்து சென்று, சென்னையில் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவனிடம் விற்றான் என்பது ஐரோப்பிய நகை வரலாறுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு கதை. பல கை மாறிய அக்கல் ஆர்லோவ் என்ற பெயருடன் உருசியப் பேரரசி இரண்டாம் கேத்தரினின் செங்கோலில் ஏறியது. கல் இன்றும் மாஸ்கோவில் இருக்கிறது. அதன் திருவரங்கத் தொடர்பு வழிவழிச் செய்தியே அன்றி மெய்ப்பிக்கப்பட்ட வரலாறு அன்று. காலின்ஸ் தம் நாவலின் முன்னுரையில், தம் கற்பனைக்கு அடிப்படையானவை எனக் கூறும் இரு கற்களுள் ஒன்று இச்செங்கோல் வைரம், மற்றொன்று கோகினூர். திருவரங்கம் என்ற ஊர்ப்பெயரை அவர் சொல்லவில்லை. எனினும் இங்கிலாந்தின் முதன்மையான துப்பறியும் நாவல் ஒன்றின் வித்தில் காவிரிக் கரையின் கதையொன்று கலந்திருப்பது தமிழ் ஆய்வாளரின் கவனத்திற்கு உரியது.

ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ (1908), ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் நாவல்கள் எனத் தொடங்கும் தமிழ்த் துப்பறியும் மரபைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘தழுவல்’ என்ற சொல்லோடு முடிந்துவிடுகிறது. எது எதிலிருந்து தழுவப்பட்டது என்ற கணக்கெடுப்புக்குப் பயன் உண்டு. ஆயின் மூல மரபையே தமிழ்க் கருவிகள் கொண்டு படித்தால் என்ன தெரியவரும் என்ற வினாவும் கேட்கத்தக்கதே.

கதைப்போக்கு

1799 மே மாதம் ஆங்கிலப் படை சீரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள் புகுந்தபோது, ஜான் ஹெர்ன்காஸில் என்னும் அதிகாரி திப்புவின் படைக்கலச் சாலையில் மஞ்சள் வைரத்தைக் காத்து நின்ற மூவரைக் கொன்று அதைக் கைப்பற்றுகிறான். சோமநாதபுரத்துச் சந்திரக் கடவுளுக்கு உரியதாக நாவல் கூறும் கல் அது. பின்னாளில் உறவினரால் ஒதுக்கப்பட்ட ஹெர்ன்காஸில், தன் தங்கை வெரிண்டர் சீமாட்டியின் மகள் ரேச்சலுக்கு அவளது பிறந்தநாள் பரிசாக அக்கல்லை உயில்வழி எழுதிவைக்கிறான். 1848 ஜூன் 21 அன்று அது அவள் கைக்கு வருகிறது; அன்றிரவே காணாமற்போகிறது.

வைரத்தை எடுத்தவன் ரேச்சல் காதலிக்கும் ஃப்ராங்க்ளின் பிளேக். மருத்துவர் கேண்டி அவனறியாமல் கொடுத்த லாடனம் என்னும் அபின் மருந்தின் மயக்கத்தில், வைரத்தைக் காப்பாற்றும் எண்ணத்தோடு எடுத்து, தான் எடுத்ததையே அறியாதிருக்கிறான். மயக்கத்திலிருந்தவனிடமிருந்து அதைப் பெற்றுத் தன்னிடமே வைத்துக்கொண்டவன், அறச்சங்கங்களின் தலைவனாகப் போற்றப்படும் காட்ஃப்ரே ஏபிள்வைட். முடிவு தெரிந்த பின்னரும் இந்நாவலைப் படிக்க முடிவது அதன் பலமாகும். டி.எஸ். எலியட் இதனை ஆங்கிலத் துப்பறியும் நாவல்களுள் முதலானதாகவும் நீண்டதாகவும் சிறந்ததாகவும் மதிப்பிட்டதை யாவரும் அறிவர்.

நடுங்கு மணல்

வெரிண்டர் மாளிகையிலிருந்து பைன் மரத் தோப்பு வழியாகச் சென்றால் ஒரு சிறு குடாவை அடையலாம். அங்கே இரு பாறைகளுக்கிடையே உள்ள புதைமணல், கடல் ஏற்றவற்றம் மாறும் வேளையில் மேற்பரப்பு முழுதும் நடுங்கும். ஊரார் அதற்கு இட்ட பெயர் ‘நடுங்கு மணல்’. படகுகள் அங்கே வருவதில்லை; மீனவச் சிறுவரும் அங்கே விளையாடுவதில்லை. வீட்டில் உள்ளோருள் அவ்விடத்தை நாடிச் செல்பவள் ஒருத்தியே. இரண்டாம் நிலைப் பணிப்பெண்ணான ரோசன்னா ஸ்பியர்மன், திருட்டுக் குற்றத்திற்காகச் சிறை சென்று, சீர்திருத்த இல்லத்திலிருந்து வெரிண்டர் சீமாட்டியின் பரிவால் பணிக்கு வந்தவள். அவளுக்கு ஒரு தோள் மற்றதைவிடப் பெரிது. அந்த மணல் தன்னை இழுப்பதாக அவள் முதிய பணியாளர் பெட்டரெட்ஜிடம் சொல்கிறாள்.

கடலும் கடல்சார்ந்த இடமும், மீனவர் குடியிருப்பும், இரங்கலும் ஒருங்கே அமைந்த இப்பகுதியைத் தமிழ் மாணவர் எவரும் நெய்தல் என்றே உணர்வர். காலின்ஸ் தொல்காப்பியம் அறிந்தவர் அல்லர். பொருத்தங்களை அடுக்கி வியப்பது ஆய்வும் ஆகாது. திணைக்கோட்பாட்டிலிருந்து இங்கே கொள்ளத்தக்கது அதன் வாய்பாடு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மக்களும் தொழிலும் மரமும் புள்ளும் பிறவும் கருப்பொருள். அங்கு நிகழும் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றனுள் உரிப்பொருளே தலைமையானது. மற்றவை அதனை விளக்க வருவன.

துப்பறிவாளரின் தொழில்முறையோ கருப்பொருளில் தொடங்கிக் கருப்பொருளிலேயே முடிவது. காலடித் தடம், சாயக்கறை, சலவைக் கணக்கு ஆகியனவே அவருக்குச் சான்று. ஓர் உள்ளம் எதை விரும்பியது என்பது சான்று ஆகாது. அதிகம் போனால் அது ‘நோக்கம்’ என்ற பெயரில் கடைசியாகச் சேர்க்கப்படும்.

சார்ஜண்ட் கஃபின் வாசிப்பு

லண்டனிலிருந்து வரும் சார்ஜண்ட் கஃப் ஆங்கிலப் புனைகதையின் மறக்க முடியாத துப்பறிவாளர்களுள் ஒருவர். ரோஜா வளர்ப்பில் பெருவிருப்பம் கொண்டவர். தோட்டக்காரரோடு ஒட்டுச்செடி குறித்து நீண்ட வாதம் புரிபவர். அவருக்கு முன்பு வந்த உள்ளூர்க் காவல் அதிகாரி, ரேச்சலின் அறைக்கதவில் புதிதாகப் பூசிய வண்ணம் சற்றுக் கலைந்திருப்பதைப் பொருட்படுத்தாமல் விட்டார். கஃப் அதனையே பற்றுகிறார். வண்ணம் காயும் நேரத்தைக் கணக்கிட்டு, கறைபட்ட ஆடை ஒன்று வீட்டில் இருந்தாக வேண்டும் என்று துணிகிறார். ரோசன்னா நோயுற்றதாகச் சொல்லிவிட்டு நகரத்திற்குச் சென்று துணி வாங்கியதையும், இரவெல்லாம் அறையில் விளக்கும் நெருப்பும் வைத்திருந்ததையும், மீனவர் வீட்டில் தகரப் பெட்டியும் நாய்ச் சங்கிலிகளும் வாங்கியதையும் ஒவ்வொன்றாக அறிகிறார். அவள் ஓர் ஆடையை மறைத்துவிட்டு மாற்றாடை தைத்தாள் என்பதுவரை அவர் ஊகம் ஏறத்தாழச் சரியானது. யாருக்காகச் செய்தாள் என்பதில் பிழைபடுகிறார். கடன்பட்ட ரேச்சலே தன் வைரத்தை மறைத்து, பழைய திருடியான ரோசன்னாவைத் துணையாகக் கொண்டாள் என்பது அவர் முடிவு.

இங்கு நுணுகிக் காணவேண்டிய ஒன்று உண்டு. ரோசன்னா ஃப்ராங்க்ளினைக் காதலிப்பது கஃபுக்குத் தெரியாத செய்தியன்று. அவர் அதை அறிவார். அதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொன்ன பெட்டரெட்ஜைவிட அவர் பரிவோடுதான் பேசுகிறார். ஆயின் அந்தக் காதலை வழக்குக்கு வெளியே வைத்துவிடுகிறார். அவளுடைய சிறைவாழ்வு சான்றாகக் கொள்ளப்பட்டது. காதல் இரக்கத்திற்குரிய ஒரு செய்தியாகவே நின்றுவிட்டது. உண்மையில் விடை அந்தக் காதலில்தான் இருந்தது. படுக்கை விரிக்கச் சென்றபோது ஃப்ராங்க்ளினின் இரவாடையில் வண்ணக் கறையைக் கண்டவள் அவள். அவனைக் காக்கும் பொருட்டு அதே போன்ற ஆடையைத் தைத்துவைத்து, கறைபட்டதைப் பெட்டியிலிட்டு நடுங்கு மணலில் அமிழ்த்தினாள். அவன் முகம் கொடுத்து ஒரு சொல் பேசுவான் என்று காத்திருந்து, பேசாததனால் அதே மணலில் தானும் அமிழ்ந்தாள்.

அவள் விட்டுச்சென்ற கடிதத்தில் வரும் ஒரு செய்தியை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஃப்ராங்க்ளின் சட்டையில் அணிவதற்கு ரேச்சல் ரோஜா தருவாள். அறையைத் துப்புரவு செய்யும் ரோசன்னா, நீரில் வைத்திருந்த அப்பூவை யாருமறியாமல் எடுத்துவிட்டுத் தன் பூவை அங்கே வைப்பாள். அவன் அணிந்தது பலநாள் அவளுடைய ரோஜாவையே. ரோஜாவின் வகைகள் அனைத்தையும் அறிந்த கஃப் அறியாத ரோஜா அது. ஒரு திணையைப் பூவின் பெயரால் வழங்கும் மரபில் வந்த வாசகர், இந்தப் பூவைத் தடயமாகக் கொள்வதற்குத் தயங்கமாட்டார்.

அடியோர் காமம்

இந்த இடத்தில் நம் மரபைப் புகழ்ந்து கட்டுரையை முடித்துவிடலாம். அது நேர்மையாகாது. ரோசன்னாவின் காதலைத் தமிழ் இலக்கணம் எங்கே வைத்திருக்கும்?

அன்பின் ஐந்திணையில் அவளுக்கு இடமில்லை. அடியோரும் வினைவலரும் ஐந்திணைக்குப் புறத்தவாகிய கைக்கிளை, பெருந்திணை ஆகியவற்றிலேயே இடம்பெறத்தக்கவர் என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. பிறருக்குக் குற்றேவல் செய்வோர்க்கு அறம், பொருள், இன்பம் ஆகியவற்றின் வழுவாது ஒழுகுதல் அரிது என்னும் பொருள்பட இளம்பூரணர் காரணம் கூறுகிறார். ஒருதலைக் காமமாகிய கைக்கிளையிலும் ரோசன்னா எளிதில் அடங்குவதில்லை. தொல்காப்பியர் கூறும் கைக்கிளை, காமம் அறியா இளையவள்பால் ஆண் கொள்ளும் விருப்பம். பெண்பாற் கூற்றுக்குத் தனியிடம் தருவது பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை. எனவே பெண்ணாகவும் பணியாளாகவும் இருக்கும் ஒருத்தியின் ஒருதலைக் காதல் இலக்கணத்தின் ஓரத்திற்கும் ஓரமாகவே நிற்கிறது.

இதற்கு இலக்கியச் சான்றும் உண்டு. கலித்தொகையின் மருதக்கலியில் (94) அரண்மனைப் பணியாளரான கூனியும் குறளனும் உரையாடுகின்றனர். உரையாசிரியர் மரபு அதனைப் பெருந்திணையாகக் கொள்கிறது. பாட்டும் அவ்விருவர் உடலமைப்பையும் நகைப்புக்குரியதாக்கியே நடக்கிறது. ரோசன்னாவின் காதலைத் தன் மகள் பெனலோப்பி எடுத்துச் சொன்னபோது பெட்டரெட்ஜ் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். தோள் கோணிய வேலைக்காரி, கண்டவுடன் காதல், அதுவும் சீமாட்டியின் உறவினன்மேல்! அவர் கொடியவர் அல்லர். அவளை மகள்போல் நடத்தியவர். ஆனாலும் சிரிக்கிறார். மகள் அதைக் கடிந்துகொள்கிறாள். கலித்தொகைப் பாட்டைப் படித்துச் சிரித்த தலைமுறைகளும் பெட்டரெட்ஜும் இவ்விடத்தில் ஒரே பக்கம் நிற்கின்றனர். கலித்தொகையில் அப்பணியாளர் இருவரும் தம் குரலிலேயே பேசுகின்றனர் என்பதையும், இறுதியில் உடன்படுகின்றனர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ரோசன்னாவுக்கோ, இறந்த பின்னரே பேசும் வாய்ப்புக் கிடைக்கிறது.

திணைக்கோட்பாட்டை அயல்நாட்டு இலக்கியத்தின்மேல் பொருத்தும் ஆய்வுகள் பெருகிவரும் காலம் இது. அவற்றுட் பல, கோட்பாட்டின் பெருமையை நிறுவும் அளவில் நின்றுவிடுகின்றன. கருவி ஒன்று பிறருடைய குருட்டிடத்தைக் காட்டும்போதே தன்னுடையதையும் காட்டுமாயின், அதையும் பதிவு செய்வதே முறை.

மீனவர் குடியும் ஆய்ச்சேரியும்

ரோசன்னாவின் கடிதத்தை வைத்திருப்பவள் கோப்ஸ் ஹோல் என்னும் மீனவச் சிற்றூரின் லூசி யோலண்ட். கால் ஊனமுற்ற இளம்பெண். தானும் ரோசன்னாவும் லண்டன் சென்று தையல் வேலை செய்து ஒன்றாக வாழலாம் என்று திட்டமிட்டிருந்தவள். கஃப் அவ்வீட்டிற்குச் சென்று லூசியின் தாயிடம் இனிக்கப் பேசித் தகரப்பெட்டிச் செய்தியை வாங்கிக்கொள்கிறார், மகளோடு பேசவில்லை. ஃப்ராங்க்ளினை நேரில் கண்டால் மட்டுமே கடிதத்தைத் தருவேன் என்று லூசி உறுதியாக நிற்கிறாள். ஏழைகள் செல்வர்க்கு எதிராக எழும் நாள் தொலைவில் இல்லை என்று பெட்டரெட்ஜிடமே சொல்கிறாள். அவர் அதைப் பேதைமை என்று எண்ணிக் கடக்கிறார். கடிதம் ஓராண்டு அவளிடமே கிடக்கிறது. வழக்கும் ஓராண்டு நிற்கிறது.

இக்கட்டுரையாளர் வாழும் பாலவாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணலை மீனவர் குப்பமும் உயர்மதில் வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. அவ்வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்கள் பலர் குப்பத்திலிருந்தும் அதன் அண்டையிலிருந்தும் வருவோர். இத்தகைய வீட்டில் நகை காணாமற்போனால் முதல் வினா யாரை நோக்கி எழும் என்பதை அறிய யார்க்‌ஷயர் வரை செல்லவேண்டியதில்லை.

தமிழில் களவுபோன அணியின் கதை என்றால் சிலப்பதிகாரமே முதலில் நினைவுக்கு வரும். அக்காப்பியத்தையும் துப்பறியும் கதையையும் ஒப்பிடுவோர் வழக்கமாகச் சிலம்பின் பரலை எடுத்துக்கொள்வர். முத்தா, மாணிக்கமா என்ற பொருட்சான்று வழக்கை முடித்துவைப்பது உண்மையே. ஆனால் உடைத்துப் பார்ப்பதற்கு முன்னரே கோவலன் கள்வன் அல்லன் என்று அறிந்த ஒருத்தி மதுரைப் புறஞ்சேரியில் இருந்தாள். அவள் இடைக்குல முதுமகள் மாதரி. கவுந்தியடிகள் அடைக்கலமாக ஒப்படைத்த இருவரையும் தன் பொறுப்பில் வைத்திருந்தவள். அவன் எங்கிருந்து வந்தான், எதற்காகச் சிலம்பொடு நகர் புகுந்தான் என்பதைச் சொல்லக்கூடிய சான்று ஆயர் குடியில் இருந்தது. பாண்டியன் ஆள் அனுப்பியது சிலம்பைக் கொணரவே; ஆய்ச்சேரியில் யாரையும் கேட்கவில்லை. மாதரி பின்னர் அடைக்கலம் இழந்த துயரில் எரிபுகுந்தாள் என்பதை நீர்ப்படைக் காதையில் மாடலன் சொல்லக் கேட்கிறோம். முல்லை நிலத்துப் பெண் தீயிலும் நெய்தல் நிலத்தை நாடிய பெண் மணலிலும் மறைந்தனர். இருவருடைய சான்றும் வழக்கு முடிந்த பின்னரே நமக்கு வந்து சேர்கிறது.

ஆங்கில மரபு இவ்விடத்தில் சிறிது நகர்ந்தது, மிக மெதுவாக. அகதா கிறிஸ்டியின் ‘எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை’ (1953) நாவலில் கிளாடிஸ் என்னும் பணிப்பெண் கொல்லப்படுகிறாள். அனாதை இல்லத்திலிருந்து வந்தவள். காதலிப்பதாக நடித்த ஒருவனை நம்பி, தான் செய்வது இன்னதென்று அறியாமலே அவன் கொலைக்குத் துணைபோனவள். செய்தித்தாளில் அவள் இறப்பைக் கண்டு மிஸ் மார்ப்பிள் சினத்தோடு புறப்பட்டு வருகிறார். அப்பெண்ணுக்கு வீட்டுவேலை கற்பித்தவர் அவரே. அவள் யாரைக் காதலித்தாள் என்பதை முதல் வினாவாகக் கொண்டதனால்தான் வழக்கு விடிகிறது. அங்கும் இறந்த பணிப்பெண்ணின் கடிதம் முடிவிற்குப் பிறகே வந்து சேர்கிறது என்பது கிறிஸ்டி அறிந்தே வைத்ததோ அல்லவோ, ரோசன்னாவின் கடிதத்தை நினைவூட்டுகிறது. கஃபுக்கும் மார்ப்பிளுக்கும் இடையே 85 ஆண்டுகள்.

விசாரிக்கப்படாத முதற்களவு

நாவலின் முதற்பகுதி, ஹெர்ன்காஸிலின் உறவினர் ஒருவர் எழுதிய குடும்பச் சாசனமாக அமைகிறது. கொலை நடந்த இடத்தில், குருதி சொட்டும் கத்தியும் தீப்பந்தமுமாக நின்ற ஹெர்ன்காஸிலை அவர் கண்டார். குத்தியதைக் கண்ணால் காணவில்லை. தம் மனம் அறிந்ததை மெய்ப்பிக்கச் சான்று இல்லை என்று கூறி, வெளியே சொல்லாமல் விடுகிறார். அதாவது துப்பறியும் நாவல் ஒன்று, சான்றின்மையால் கைவிடப்பட்ட வழக்கோடு தொடங்குகிறது. வீரர்கள் தாமாகக் கொள்ளையிட்டால் தூக்கு என்பது கட்டளை. வரலாற்றிலும் ஆர்தர் வெல்லெஸ்லி சிலரைத் தூக்கிலிட்டே சீரங்கப்பட்டினத்துக் கொள்ளையை நிறுத்தினார். ஆனால் திப்புவின் கருவூலம் முறைப்படி மதிப்பிடப்பட்டுப் படையினருக்குப் பங்கிடப்பட்டது; அவனது அரியணை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. அதற்குக் களவு என்று பெயரில்லை. வெரிண்டர் மாளிகைக் களவுக்கு இரண்டு காவல் அதிகாரிகள் வருகின்றனர். சீரங்கப்பட்டினத்துக் களவுக்கு எவரும் வரவில்லை.

கஃபின் தொழில்முறை உரிப்பொருளைத் தள்ளிவைத்ததற்கும் இதற்கும் உறவு உண்டு என்றே தோன்றுகிறது. கண்ணால் கண்ட பொருட்சான்று இல்லாத இடத்தில், ஒருவர் நிச்சயமாக அறிந்ததும் செல்லாததாகிவிடுகிறது. குடும்பச் சாசனத்தை எழுதியவர் அறிந்தது அவ்வாறு போயிற்று. ரோசன்னாவின் காதல் பற்றிப் பெனலோப்பி அறிந்ததும் அவ்வாறே போயிற்று. கல்லைத் தேடி வந்த மூன்று பிராமணர்கள் வித்தைக்காரர் வேடத்தில் வீட்டு வாயிலில் தோன்றியதும் சிறையில் அடைக்கப்படுகின்றனர். அவர்கள் அன்று எதையும் திருடவில்லை. சான்று தேவைப்படாத ஐயம் அவர்கள் மேலும் ரோசன்னா மேலும் மட்டுமே விழுகிறது; காட்ஃப்ரேயின்மேல் விழவில்லை.

முடிவில் அம்மூவரும் லண்டன் விடுதியொன்றில் காட்ஃப்ரேயை மூச்சடக்கிக் கொன்று கல்லை மீட்கின்றனர். கொலை கொலையே, காலின்ஸ் அதனை மழுப்பவில்லை. கடல் கடந்ததாலும் வேடம் பூண்டதாலும் குலவிலக்குப் பெற்ற அவர்கள், சோமநாதபுரத்தில் திருவுருவத்தின் நெற்றியில் கல் ஏறியதைக் கண்டபின், இனி ஒருபோதும் சந்திப்பதில்லை என்ற விதியோடு மூன்று திசைகளில் தனித்தனியே யாத்திரை புறப்படுகின்றனர். கூட்டம் வழிவிட, அவர்கள் நடந்து மறைகின்றனர். உரிப்பொருளால் அது பாலை, பிரிதல். வேடமிட்டு அங்கே நின்று அதைக் கண்டு எழுதி அனுப்பியவர் மர்த்வெயிட் என்னும் ஆங்கிலப் பயணி. மூவருள் ஒருவர் பெயரும் நாவலில் இல்லை.